கொறங்காட்டின் கொழுக்கட்டைப் புல்

கொங்கு நாட்டில் காங்கேயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் வட்டாரங்களில், கிளுவை வேலி சூழ, வெள்வேல மரங்கள் ஆங்காங்கே நிற்க, தரையெங்கும் கொழுக்கட்டைப் புல் வளர்ந்திருக்கும் தனியார் மேய்ச்சல் நிலத்துக்குக் கொறங்காடு என்று பெயர். ஆண்டுக்கு ஏறத்தாழ 600 மில்லிமீட்டர் மழையே பெறும் சரளை மண்ணில் காங்கேயம் மாடுகள் நிலைபெற்றதற்கு இந்நிலங்களின் அமைப்பு முக்கியக் காரணமாகும். மழைக்குப் பின் புல்லும், புல் தீர்ந்த கோடையில் வெள்வேலங்காய்களும் தீனியாகின்றன. காயைத் தின்ற ஆட்டின் வயிற்றில் செரிக்காத விதைகள் புழுக்கையோடு விழுந்து முளைப்பதால், மரம் நடும் வேலையையும் பெரும்பாலும் ஆடுகளே செய்துவிடுகின்றன.

இத்தகைய நிலம் சீர்கெடுவதற்கு மழைக் குறைவு மட்டும் காரணமன்று. இலை மேயப்பட்டபின், புல் தன் வேரிலும் தண்டின் அடியிலும் சேமித்த மாவுப்பொருளைக் கொண்டே மீண்டும் துளிர்க்கிறது; அச்சேமிப்பு நிரம்புமுன் மீண்டும் மேய்ந்தால் வேர் சுருங்கி, புல் மடிந்து, கால்நடை தொடாத களைகளும் சீமைக்கருவேலமும் அவ்விடத்தைப் பிடிக்கின்றன. ஆகவே நிலத்தைச் சில பட்டிகளாகத் தடுத்து, ஒன்றில் மேயும்போது மற்றவற்றுக்கு ஓய்வளிக்கும் சுழற்சி மேய்ச்சலே முதல் மருந்து. விதைப்பு அதற்கு அடுத்ததுதான். புதிதாகச் சேகரித்த கொழுக்கட்டைப் புல் விதை சில மாதங்கள் உறக்கநிலையில் இருப்பதால், முந்தைய ஆண்டு விதையை, காற்றில் பறக்காதபடி ஈரமணலோடு கலந்து தூவுவது நல்லது. பயறுவகைத் தீவனமான முயல்மசாலைச் சேர்த்து விதைத்தால் தீனியில் புரதம் கூடும். அதன் கடினமான விதையுறையை இளக்க வெந்நீர் நேர்த்தி தேவைப்படும்.

நம் உழவர்கள் பெரிதும் கவனிக்காத பகுதி உலர்புல்லே. வைக்கோலையும் இதையும் ஒன்றாகக் கருதுவது பிழை. வைக்கோல் என்பது சத்தெல்லாம் மணிக்குச் சென்றபின் எஞ்சும் தாள். உலர்புல் என்பது பூக்கத் தொடங்கும் பருவத்திலேயே அறுத்து, ஈரம் 15 விழுக்காட்டுக்கு அருகே குறையும்வரை காயவைத்த முழுப் புல். அறுப்பு பிந்தினால் எடை கூடும், புரதம் குறைந்து நார் மிகும். வெயிலில் அளவுக்கு மீறிக் கிடந்தால் பச்சை நிறமும், உயிர்ச்சத்து ஏ-யின் மூலமான கரோட்டினும் அழியும். மசால் வகைகளை உச்சி வெயிலில் புரட்டினால் சத்து மிகுந்த இலைகள் உதிர்ந்து குச்சியே மிஞ்சுமாதலால், பனி ஈரம் இருக்கும் காலையில் புரட்டுவதே முறை. ஈரத்தோடு போர் போட்டால் நுண்ணுயிர்களால் உள்ளே சூடேறிப் பூஞ்சை பிடிக்கும். சில வேளைகளில் போர் தானாகவே தீப்பற்றுவதும் உண்டு.

இங்கே ஒரு முரண் உண்டு. பூக்கும்போதே அறுத்துவிட்டால் நிலத்தில் விழ விதை இருக்காது. அதனால் ஆண்டுதோறும் ஒரு பட்டியையேனும் அறுக்காமலும் மேய்க்காமலும் விதை முற்றி உதிரும்வரை விட்டுவைக்க வேண்டும். எந்தப் பட்டி என்பதை ஆண்டுக்கு ஆண்டு மாற்றிக்கொள்ளலாம்.

பாசன வசதியுள்ளோருக்குக் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 4, கோ 5 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் சிறந்ததே, ஆனால் மானாவாரிக் கொறங்காட்டுக்கு அப்புல்லின் கரணைகளை வழங்கிப் பயனில்லை. அங்கே உழவருக்குத் தேவை நல்ல விதையும், அறுப்புக்காலம் பற்றிய அறிவுரையுமே. வடகிழக்குப் பருவமழை ஓயும் மார்கழியின் தெளிந்த வெயில் நாள்கள் அறுப்புக்கு ஏற்றவை. தை கடந்து அறுத்தால் கையில் கிடைப்பது பெரும்பாலும் தாளே.