நிலவின் சூட்டில் தவித்த சந்திரயான்: விண்கலங்கள் வெப்பத்தை எப்படிச் சமாளிக்கின்றன?

கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் பெரியநீலாவணையில் மத்தியானம் தகரக் கூரைக்குக் கீழே இருக்க முடியாது. கதிரையைத் தூக்கிக்கொண்டு மர நிழலுக்குப் போய்விடுவோம். பின்னேரம் கடற்காற்று வந்தால் உடம்பு தானாக ஆறிவிடும். நிழலும் காற்றும் இல்லாத இடத்தில் ஓர் இயந்திரம் எப்படிப் பிழைக்கும்? இந்தக் கேள்வியோடுதான் சந்திரயான்-1 இன் கதையைத் தேடி வாசித்தேன்.

2008 ஒக்டோபர் 22 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டது அந்த விண்கலம். அதன் திட்டப் பணிப்பாளர், பொள்ளாச்சிக்கு அருகிலுள்ள கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை. நிலவுக்கு மேலே 100 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றத் தொடங்கிய சில நாட்களிலேயே, நவம்பர் மாத இறுதியில், கலத்தின் வெப்பநிலை 50 பாகை செல்சியஸைத் தொட்டது. பொறியியலாளர்கள் கலத்தைச் சுமார் 20 பாகை திருப்பினார்கள். சில கருவிகளை நிறுத்தி வைத்தார்கள். சூடு தணிந்தது. ஆனால் ஆபத்து முடியவில்லை.

காற்றில்லாத இடத்தில் சூடு ஆறாது

வெப்பம் மூன்று வழிகளில் கடத்தப்படுகிறது என்று பாடசாலையில் படித்திருப்போம்: கடத்தல், மேற்காவுகை, கதிர்வீசல். தேநீர் ஆறுவதும் மின்விசிறிக்குக் கீழே வியர்வை காய்வதும் காற்றின் உதவியால்தான். விண்வெளியில் காற்று இல்லை. கலத்துக்குள்ளே ஒரு பாகத்திலிருந்து இன்னொன்றுக்கு வெப்பத்தைக் கடத்தலாம். ஆனால் வெளியேற்றுவதற்குக் கதிர்வீசல் ஒன்றே வழி. சுடுதண்ணீர்ப் பிளாஸ்கின் இரட்டைச் சுவருக்கிடையே வெற்றிடம் வைத்திருப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

சந்திரயான்-1 க்கு மூன்று பக்கமும் சூடு. ஒரு பக்கம் சூரியன். கீழே, நண்பகலில் சுமார் 120 பாகை வரை கொதிக்கும் நிலவின் தரை. அதுவும் வெப்பத்தை மேல் நோக்கி வீசும். உள்ளே, வேலை செய்யும் மின்னணுக் கருவிகளின் சூடு.

இதற்கு எதிராகப் பொறியியலாளர்களிடம் சில ஆயுதங்கள் உண்டு. படங்களில் தங்கம் போல மின்னும் போர்வை உண்மையில் தங்கமல்ல. அலுமினியம் பூசிய மெல்லிய பிளாஸ்டிக் தாள்களைப் பல அடுக்குகளாகச் சேர்த்தது. வெயில் உள்ளே புகாமலும் உள்சூடு வீணாக வெளியேறாமலும் அது தடுக்கும். அமோனியா போன்ற திரவம் அடைத்த குழாய்கள், சூடான கருவியிலிருந்து வெப்பத்தை எடுத்துச் சென்று வெளிப்பக்கத் தகடுகளில் சேர்க்கும். அந்தத் தகடுகள் வெயிலைத் தெறிக்கவிட்டு, வெப்பத்தை இருண்ட வானத்தை நோக்கி வீசும்.

குளிரும் எதிரிதான்

சூட்டைத் தடுத்தால் மட்டும் போதாது. 2023 ஓகஸ்ட் 23 அன்று விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேலின் தலைமையில் சந்திரயான்-3 இன் விக்ரம் நிலவில் இறங்கியது. அதிலிருந்த வெப்பமானி மண்ணுக்குள் இறங்கி அளந்தபோது, மேற்பரப்பில் சுமார் 70 பாகை. 8 சென்ரிமீற்றர் ஆழத்தில் பூச்சியத்துக்குக் கீழே 10 பாகை. ஒரு சாண்கூட இல்லாத ஆழத்தில் 80 பாகை வித்தியாசம்! அங்குள்ள மண் வெப்பத்தை அவ்வளவு மோசமாகக் கடத்துகிறது.

விக்ரம் ஒரு நிலவுப் பகலுக்கு, அதாவது நமது 14 நாட்களுக்கு மட்டுமே வடிவமைக்கப்பட்டது. பூச்சியத்துக்குக் கீழே 100 பாகையையும் தாண்டும் இரவுக் குளிரில் மின்கலம் பழுதாகிவிடும். செப்ரெம்பர் 4 இல் உறங்க வைக்கப்பட்ட அதை 22 ஆம் திகதி எழுப்ப முயன்றார்கள், பதில் வரவில்லை. 1970 இல் சோவியத் ஒன்றியம் அனுப்பிய லுனாகோட்-1 பல இரவுகளைக் கடந்தது. அதற்குள் கதிரியக்கப் பொலோனியத்தால் சூடு தரும் அமைப்பு இருந்தது.

கணக்கில் விழுந்த பிழை

இரண்டு ஆண்டுகள் இயங்க வேண்டிய சந்திரயான்-1, 312 நாட்களில், 2009 ஓகஸ்ட் 29 அன்று தொடர்பை இழந்தது. நிலவில் நீர் மூலக்கூறுகள் இருப்பதற்கான சான்றை அதற்குள் அது தந்துவிட்டது. 100 கிலோமீற்றர் உயரத்தில் 75 பாகை அளவு வெப்பமே இருக்கும் என்று கணித்திருந்ததாகவும், உண்மையில் அது கூடுதலாக இருந்ததாகவும் இஸ்ரோ செய்மதி நிலையத்தின் அன்றைய பணிப்பாளர் ரி.கே. அலெக்ஸ் பின்னர் ஒப்புக்கொண்டார். மே மாதம் சுற்றுப்பாதையை 200 கிலோமீற்றருக்கு உயர்த்தியதற்கும் அதுவே காரணம் என்றார்.

என்னைக் கவர்ந்தது அந்த ஒப்புதல்தான். 2019 இல் அனுப்பப்பட்ட சந்திரயான்-2 இன் சுற்றுக்கலம், அதே 100 கிலோமீற்றர் உயரத்தில் பல ஆண்டுகள் தாக்குப்பிடித்து வேலை செய்துவருகிறது. பிழையை மறைத்திருந்தால் அடுத்த கலமும் அதே சூட்டில் வெந்திருக்கலாம்.