தூணுக்குள் ஓடும் அலை

அசாம் ஜாவாவிலிருந்து கோல சிலாங்கூர்க் கடற்கரையை நோக்கிச் சென்றால் மென்மையான கடற்களிமண் நிலத்தை அடைகிறோம். பெருங்கட்டடத்தின் பாரத்தை இம்மண் தாங்காது. ஆகவே, கான்கிரீட் தூண்களைச் சம்மட்டிப் பொறியால் அறைந்து ஆழத்தில் இறக்குகின்றனர். ‘பைலிங்’ என்று நாம் வழங்கும் அவ்வேலையில் ஒவ்வோர் அடியும் தூணுக்குள் ஓர் அதிர்ச்சி அலையை எழுப்புகிறது. அதனைக் கணிப்பொறி எவ்வாறு பின்தொடர்கிறது என்பதே இவ்வுரையின் பொருள்.

சம்மட்டி விழும்போது தூண் முழுவதும் ஒருசேர அசைவதில்லை. முதலில் தலைப்பகுதி அமுங்குகிறது. அவ்வமுக்கம் நொடிக்கு ஏறத்தாழ 4,000 மீட்டர் விரைவில் கீழிறங்குகிறது. 12 மீட்டர் நீளத் தூணின் அடிமுனையைத் தொட்டு மீள அதற்கு 0.006 நொடி போதும். அடிமுனை கடினமான தரையில் ஊன்றியிருந்தால் அமுக்கம் அமுக்கமாகவே மீளும். மென்களிமண்ணில் பிடிமானமின்றி நின்றால் அது இழுவையாக மாறி மீளும். கான்கிரீட்டின் இழுவை வலிமையோ அமுக்க வலிமையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே. எனவே, மென்மையான மண்ணிலும் தூண் வெடிக்கக்கூடும். மண்ணுக்குள் நேரும் அவ்வெடிப்பைக் கண்ணால் காண இயலாது.

இதனை முன்னறியும் முறையொன்றை அமெரிக்கப் பொறியாளர் இ. ஏ. எல். ஸ்மித் 1960இல் வெளியிட்டார். தூணைப் பல துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு நிறையாகவும், இடையிலுள்ள இணைப்பைச் சுருள்வில்லாகவும் கொள்ள வேண்டும். வரிசையாய் நிற்கும் இரயில் பெட்டிகளுள் முதற்பெட்டி இடிபட்டால், அது அடுத்ததைத் தள்ள, அடுத்தது மற்றதைத் தள்ளுவது போன்றது இது. மண்ணின் தடையையும் சேர்த்து, துண்டுகளின் இடப்பெயர்ச்சி, சுருள்வில்லின் விசை, புதிய விரைவு ஆகியவற்றைக் கணிப்பொறி கணத்துக்குக் கணம் கணிக்கிறது.

அக்கணத்தின் அளவுக்கு ஒரு வரம்பு உண்டு. 3 மீட்டர் நீளத் துண்டை அலை கடக்க 0.00075 நொடி ஆகும். கணிப்பின் காலப்படி அதனினும் மிகுந்தால், விடைகள் கட்டின்றிப் பெருகிப் பொருளற்றுப் போகும். இவ்வகை வரம்பைக் கூரான்ட், பிரீட்ரிக்ஸ், லூயி ஆகிய மூவரும் 1928இலேயே நிறுவினர்.

பொருள் தன் அளவில் மாறுபடுவதை அறிவியல் தமிழ் ‘திரிபு’ என்கிறது. நன்னூல் கூறும் தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் விகாரங்களை மாணவர் அறிவர். புணர்ச்சியில் திரிதல் இரு சொற்கள் கூடுமிடத்தில் நிகழ்கிறது. ஸ்மித்தின் முறையில் திரிபு இரு துண்டுகளுக்கு இடையே அளக்கப்படுகிறது. ஒப்புமை இவ்வளவே; ஆயினும் கற்போர்க்கு அது நல்லதொரு பிடி.

இழுவை மிகும் என்று கணிப்புக் காட்டினால், சம்மட்டி விழும் உயரத்தைக் குறைப்பர். தூண்தலையில் வைக்கும் மர மெத்தையின் தடிப்பைக் கூட்டுவர். நான்கு துண்டுகள், பத்துக் காலப்படிகள் எனக் கொண்டால், வகுப்பறையில் கையாலேயே இக்கணிப்பைச் செய்து பார்க்கலாம். நம் பள்ளிக் கட்டடங்களின் கீழும் இத்தகைய தூண்கள் நிற்கலாம் என்பதை அப்போது மாணவர்க்கு நினைவூட்டுவோம்.