உங்களுக்குத் தெரியுமா? வெயில் காலத்து வீடு

அக்னி நட்சத்திரம் மே 4-ஆம் தேதி வாக்கில் தொடங்கி 28-ஆம் தேதி வாக்கில் முடிகிறது. சூரியன் பரணியின் மூன்றாம் பாதத்தில் நுழைந்து, கார்த்திகையைக் கடந்து, ரோகிணியின் முதல் பாதத்தை விட்டு வெளியேறும் வரை என்பது பஞ்சாங்கக் கணக்கு. இந்த நாட்களில் வெயிலைத் திட்டாத வாய் இல்லை. ஆனால் ஒரு வருஷத்துக்கு வேண்டிய வற்றல், வடாம், புளி, மிளகாய்த்தூள் எல்லாம் வீடு வந்து சேர்வது இந்த வெயிலின் தயவால்தான். கூலி கேட்காமல் நம் சமையலறைக்கு உழைக்கிற ஆள் அது.

*

எண்ணெயில் போட்டதும் வடாம் ஏன் பொரிந்து விரிகிறது? எவ்வளவு காய்ந்த வடாத்திலும் சிறிதளவு ஈரம் மாவுக்குள் அகப்பட்டுக் கிடக்கும். காய்ந்த எண்ணெயில் அந்த ஈரம் நொடியில் ஆவியாகிறது. வெளியேற வழி தேடி மாவை உள்ளிருந்து தள்ளுகிறது. மாவு விரிந்து அந்த வடிவத்திலேயே விறைத்துவிடுகிறது. எண்ணெய் சரியாகக் காயாவிட்டால் ஆவி மெல்லக் கசிந்துபோய், வடாம் எண்ணெய் குடித்துக் கல்லாக நிற்கும்.

விடியற்காலையிலேயே கூழ் கிளறுவதற்கும் காரணம் உண்டு. முதல் வெயில் முழுசாகக் கிடைத்தால்தான் மேல்பக்கம் இறுகி, வேட்டியிலிருந்து மாலையில் உரிக்க வரும். பச்சைமிளகாய் விழுது, உப்பு, பெருங்காயம், கடைசியில் எலுமிச்சைச் சாறு. கூழ் கைபொறுக்கும் சூட்டில் இருக்கும்போதே மாடிக்கு ஏற்றிவிட வேண்டும். ஆறினால் நாழியில் பிழிய வராது. பாட்டி பிழிந்துகொண்டே பின்னால் நகர்வார், அம்மா கரண்டியால் வட்டம் வட்டமாக ஊற்றுவார். காக்கைக்குக் காவல் இருக்கும் பிள்ளைகளுக்குக் கறுப்புக் குடை ஒன்று, கையில் குச்சி ஒன்று. சாயங்காலம் துணியைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் தண்ணீர் தெளித்தால், ஒவ்வொன்றாகக் கழன்று வரும். மேலே காய்ந்து நடுவில் மட்டும் கொழகொழவென்று இருக்கும் அந்த அரைகுறை வடாத்துக்கு ஈடான தின்பண்டம் எந்தக் கடையிலும் இல்லை என்பது என் உறுதியான கருத்து. மறுநாள் வெயிலிலும் கட்டாயம் போடுங்கள். உள்ளே ஈரம் தங்கினால் டப்பாவில் பூசணம் பிடித்துவிடும்.

*

ஜவ்வரிசி என்று பெயர் இருந்தாலும் அதில் அரிசி இல்லை. நம் கடைகளில் விற்பது மரவள்ளிக்கிழங்கு மாவைக் குருணையாக உருட்டி வறுத்தது. சேலம் வட்டாரத்தில் இந்தத் தொழில் 1940-களில் தொடங்கியது. ஆலைக்காரர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் 1981-இல் அமைந்தது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

*

மண்பானைத் தண்ணீர் குளிர்வது ஆவியாதலால் என்று பள்ளியில் படித்திருப்போம். அதன் கணக்கைப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் வேண்டும். 58 லிட்டர் தண்ணீரின் சூட்டைப் பத்து டிகிரி குறைத்தால் வெளிவரும் வெப்பம் அது. பானையின் நுண்துளைகளில் கசியும் கொஞ்சம் ஈரமே உள்ளிருக்கும் குடத்தண்ணீரைக் குளிரவைக்கப் போதுமானது.

காற்று வறண்டிருந்தால் பானை நன்றாக வேலை செய்யும். ஒரே குயவர் வனைந்த பானையாக இருந்தாலும், மதுரையிலும் திருச்சியிலும் தருகிற குளிர்ச்சியைச் சென்னையின் கடலோரப் புழுக்கத்தில் தராது. காற்றோட்டமான இடத்தில், ஈர மணலின் மேல் வையுங்கள். வெளியே பெயின்ட் அடித்த பானையை வாங்காதீர்கள், துளைகள் அடைபட்டுவிடும். சோப்புப் போட்டும் தேய்க்க வேண்டாம், மண் அந்த வாசனையை இழுத்துக்கொள்ளும். தேங்காய் நாரும் வெந்நீரும் போதும். உள்ளே ஒரு சின்ன முடிச்சு வெட்டிவேர் போட்டால் மாலைக்குள் தண்ணீரே மணக்கும்.

*

நன்னாரி சர்பத்தின் வாசனையில் லேசாக வனிலா சாயல் இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அது பிரமை அல்ல. நன்னாரி வேரின் மணப்பொருளும் வனிலாவின் மணப்பொருளும் ஒரே அணுக்களால், ஒரே எண்ணிக்கையில் ஆனவை. அணுத்தொகுதிகள் அமர்ந்திருக்கும் இடம் மட்டும் வேறு. மதுரை ஜிகர்தண்டாவில் பாலும் பாதாம் பிசினும் ஐஸ்கிரீமும் இருந்தும், அதற்கு முகம் கொடுப்பது இந்த வேர்தான்.

*

சென்னையில் ஒரு காலத்தில் அமெரிக்க ஏரியின் பனிக்கட்டி விற்றது. மாசசூசெட்ஸ் பகுதியில் குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, பாஸ்டன் துறைமுகத்திலிருந்து கப்பலேற்றினார் ஃபிரெடரிக் டியூடர் என்ற வணிகர். 1833-இல் கல்கத்தாவுக்குப் போன முதல் கப்பலில் ஏற்றியது 180 டன். நான்கு மாதக் கடல் பயணத்தில் உருகியது போக நூறு டன் அளவுக்கு வந்து சேர்ந்தது. சென்னையில் அதைச் சேமிக்க 1842-இல் கடற்கரையோரம் எழுந்ததுதான் ஐஸ் ஹவுஸ். இந்தியாவிலேயே ஐஸ் செய்யும் இயந்திரங்கள் வந்ததும் அந்த வியாபாரம் படுத்தது. 1897-இல் விவேகானந்தர் தங்கிய அந்தக் கட்டடம் இன்று விவேகானந்தர் இல்லம். பிள்ளைகளை மெரினாவுக்கு அழைத்துப் போகும்போது காட்டுங்கள். கையில் குச்சி ஐஸ் இருந்தால் கதை இன்னும் நன்றாக ஏறும்.

*

கோடையில் ஒரு நாள் நம் நிழல் காணாமல் போகும். சூரியன் நேர் உச்சியில் வந்து நிற்கும் நாள் அது. கன்னியாகுமரியில் ஏப்ரல் 10 வாக்கில், மதுரையில் ஏப்ரல் நடுவில், சென்னையில் ஏப்ரல் 24 வாக்கில். வடக்கே போகப் போகத் தேதி தள்ளிப்போகும். சூரியன் தெற்கே திரும்பும்போது ஆகஸ்டில் சென்னைக்கு இன்னொரு முறை வரும். பகல் 12 மணி கழிந்து சில நிமிடங்களில் முற்றத்தில் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்துக் காத்திருங்கள். நிழல் சுருங்கிச் சுருங்கி டம்ளரின் அடியில் ஒளிந்துகொள்ளும். லீவில் வீட்டுக்கு வந்திருக்கும் அத்தை பிள்ளைகள், சித்தி பிள்ளைகள் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்ட ஏற்ற வேடிக்கை.

*

குயில் கூவுகிறது என்றால் அது ஆண். உடல் முழுக்கக் கறுப்பு, கண் மட்டும் சிவப்பு. பெண் குயில் பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகளோடு கிளை மறைவில் இருக்கும். முட்டையிடப் போவது காக்கைக் கூட்டில்.

*

மாங்காய்க்கு வருவோம். மாவடு போடும்போது முதலில் விளக்கெண்ணெய் புரட்டுவது வழக்கம். பிறகு கல்லுப்பு, மிளகாய், கடுகுப்பொடி, மஞ்சள். தண்ணீர் ஒரு சொட்டும் ஊற்றுவதில்லை. உப்பு காயின் ஈரத்தை வெளியே இழுக்க, இரண்டு மூன்று நாளில் ஜாடியில் தானாகத் தண்ணீர் விட்டு, குண்டு குண்டாக இருந்த வடுக்கள் தோல் சுருங்கி அதில் மிதக்கும். அந்த உப்புநீரில் கெடுக்கும் கிருமிகள் வாழ முடியாது. ஈரக்கரண்டியைப் போட்டால் பாட்டி கத்துவது அதனால்தான்: ஈரம் கலந்தால் உப்பின் பலம் குறையும்.

பழுக்க வைப்பதும் ஒரு கலை. மாம்பழம் பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயுவை வெளிவிடும். அந்த வாயுவே பக்கத்துக் காய்களையும் பழுக்கத் தூண்டும். வைக்கோலில் பொதிந்து அறையைச் சாத்துவது அது வெளியே போகாமல் காக்கத்தான். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பதை இந்திய உணவுச் சட்டம் தடைசெய்திருக்கிறது. வீட்டில் செய்வதானால், அரிசி டிரம்மில் நாலு காயைப் புதைத்துவிட்டு, நாள்தோறும் எட்டிப் பார்த்துக் காம்புப் பக்கம் முகர்ந்து பார்த்தால் போதும். காம்பில் வடியும் பால் உதட்டில் பட்டால் புண்ணாகும். தின்பதற்கு முன் தண்ணீரில் ஊறப்போடுங்கள்.

*

ஆடு புலி ஆட்டத்தில் புலி 3, ஆடு 15, நிற்க வேண்டிய புள்ளிகள் 23. பலம் ஒரு பக்கம், எண்ணிக்கை மறுபக்கம். ஆடுகளை அவசரமாக இறக்குகிறவர் தோற்பார். பழைய கோயில்களின் கல்தரையில் இதன் கட்டங்கள் செதுக்கப்பட்டிருப்பதை இன்றும் பார்க்கலாம்.

பல்லாங்குழியில் 14 குழிகள். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது பசு; குழிக்கு உரியவர் எடுத்துக்கொள்வார். எத்தனை முத்து எங்கே போய் முடியும் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தே, எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகள் பேரப்பிள்ளைகளை ஜெயித்தார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: குன்றிமணியை வைத்து ஆடாதீர்கள். சிவப்பில் கறுப்புப் புள்ளியோடு அழகாக இருந்தாலும் அதற்குள் அப்ரின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது; கடித்து மென்றால் உயிருக்கே ஆபத்து. கோடையில் புளி உடைக்கும் வீட்டில் புளியங்கொட்டைக்கா பஞ்சம்?

*

மல்லிகை விலை இறங்குவதும் கோடையில்தான். பனிக்காலத்தில் விளைச்சல் சுருங்கி, கிலோ ஆயிரங்களில் விற்கும் பூ, வெயில் ஏறியதும் கூடை கூடையாக வரும். விடியற்காலையில் மொக்காகவே பறிப்பார்கள். பறித்த பிறகும் அது தன் நேரத்தை மறப்பதில்லை; பொழுது சாய்ந்ததும் விரியத் தொடங்கும். மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2013-இல்.

*

அம்புலிமாமா முதலில் வந்தது 1947-இல். முத்து காமிக்ஸ் 1972-இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. லீவில் ஒரு புத்தகம் தெரு முழுக்கச் சுற்றி, அட்டை கிழிந்து வீடு திரும்பிய காலம் அது. படிக்கும் பிள்ளைக்குப் பின்னால் நின்று, பக்கத்தைத் திருப்பாதே என்று கெஞ்சிய தம்பி தங்கைகள் இப்போது தாத்தா பாட்டிகள்.

*

மொட்டை மாடியில் சாயங்காலம் தண்ணீர் தெளிப்பது வீண் வேலை இல்லை. பகல் முழுக்கக் குடித்த சூட்டைக் கான்கிரீட் இரவெல்லாம் உமிழும். ஆறு மணிக்கு நாலைந்து வாளி ஊற்றினால், ஆவியாகும் தண்ணீர் அதில் பெரும்பங்கைக் கொண்டுபோய்விடும். எட்டு மணிக்குப் பாய் விரிக்கலாம்.

பாய் விரித்தால் வானம் பார்க்க வேண்டும். மே மாத இரவு 9 மணிக்கு வடக்கே உயரத்தில் சப்தரிஷி மண்டலம் இருக்கும். அதன் வால் வளைவை அப்படியே நீட்டிக்கொண்டு போனால் செம்மஞ்சள் நிறச் சுவாதி, இன்னும் தள்ளிப் போனால் வெண்ணீலமாகச் சித்திரை. இந்தச் சித்திரை நட்சத்திரத்தின் அருகே முழுநிலா வருவதால்தான் அந்த மாதத்துக்கும் சித்திரை என்று பெயர். சப்தரிஷிகளின் வாலில் நடுவே இருப்பவர் வசிஷ்டர். அவரை ஒட்டி மங்கலாகத் தெரிவது அருந்ததி. தெரிகிறதா என்று எல்லோரையும் கேளுங்கள், கண் எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும். தெற்கே அடிவானத்துக்குச் சற்று மேலே நாலு நட்சத்திரம் சிலுவைபோல் நிற்கும், அது திரிசங்கு. வட இந்தியாவில் பெரும்பாலான ஊர்களில் அதைப் பார்ப்பதே கடினம். நமக்கு மாடியில் படுத்தபடியே காணக் கிடைக்கிறது. தென்கிழக்கில் தேளாகக் கிளம்புகிற விருச்சிகத்தின் நெஞ்சில் சிவப்பாக இருப்பது கேட்டை.

*

கடைசியாக நுங்கு. பனையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. நுங்கு பெண் மரத்தில் மட்டும். பதநீரை இரண்டிலும் இறக்கலாம். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் அது பதநீர். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் புளித்துக் கள்.

பெரும்பாலும் ஒரு காய்க்கு மூன்று கண். வெட்டியதும் கட்டைவிரலை உள்ளே விட்டு, சுளை உடையாமல் சுழற்றி எடுத்து, ஊறும் நீரையும் சேர்த்து உறிஞ்சுவதுதான் முறை. பிளாஸ்டிக் பையில் உரித்து விற்பதில் அந்த நீர் பாதி போய்விடுகிறது. தோலைத் துவர்ப்பு என்று வீசாதீர்கள், வேர்க்குருவில் தேய்க்கலாம். சுளை எடுத்த காலிக் காய் இரண்டை ஒரு குச்சியில் கோத்து, கவட்டைக் கம்பால் தள்ளினால் நுங்கு வண்டி.

பனை தமிழ்நாட்டின் மாநில மரம். நட்டவர் உடனே பலன் பார்க்க முடியாது, காய்க்கவே பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகும். நாம் இன்று தின்னும் ஒவ்வொரு நுங்கும் யாரோ பேரப்பிள்ளைகளுக்காக விட்டுப்போனது. எல்லாக் குலைகளையும் நுங்காக வெட்டிவிட்டால் விதைக்குக் கொட்டை கிடைக்காது. ஆடி, ஆவணியில் பனம்பழம் விழும்போது நாலு கொட்டைகளை எடுத்து வைத்து, ஐப்பசி மழைக்கு முன் உங்கள் ஊர் ஏரிக்கரையிலோ வாய்க்கால் ஓரத்திலோ பிள்ளைகளைக் கொண்டே புதைக்கச் சொல்லுங்கள். தண்ணீர்கூட ஊற்ற வேண்டாம், மழை பார்த்துக்கொள்ளும்.