ரிப்பன் வெட்டியாச்சு... அதுக்கப்புறம்? - சென்னை மாநகராட்சித் திட்டங்கள் சொல்லும் கதை!

மெரினாவுக்குப் போகாத சென்னைவாசி இருக்கவே முடியாது. ஆனால், மெரினா வரை வந்தும் கடலில் கால் நனைக்காமல் திரும்பியவர்கள் இந்த ஊரில் ஏராளம். சக்கர நாற்காலியில் வருபவர்கள், ஊன்றுகோலை நம்பி நடப்பவர்கள், முழங்கால் வலியோடு பேரன் பேத்தி கையைப் பிடித்து வரும் தாத்தா பாட்டிகள். மணலில் இறங்கினால் சக்கரம் புதைந்துவிடும். தூரத்திலிருந்தே அலையைப் பார்த்துவிட்டு, சுண்டல் வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்தையொட்டி அங்கே தற்காலிகப் பாதை போடுவார்கள். சில நாள்களில் எடுத்துவிடுவார்கள். 'மற்ற நாள்களில் எங்களுக்குக் கடல் வேண்டாமா?' என்பதுதான் மாற்றுத்திறனாளிகளின் நியாயமான கேள்வியாக இருந்தது. அதற்குப் பதிலாக, 2022 நவம்பர் 27 அன்று 263 மீட்டர் நீளத்துக்கு நிரந்தர மரப்பாதையைத் திறந்தது சென்னை மாநகராட்சி. கடலைக் கிட்டத்தில் பார்த்தவர்களின் சிரிப்பு அன்று எல்லோருடைய போனிலும் வலம்வந்தது.

அடுத்த இரண்டே வாரம். டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. பாதையில் கடலை ஒட்டிய பகுதியை அலை பெயர்த்துப் போட்டது. முதலில் வாழ்த்து பறந்த அதே போன்களில் இப்போது மீம்ஸ் பறந்தன. மாநகராட்சி அதைச் சரிசெய்து மறுபடியும் திறந்துவிட்டது. ஆனால், திறப்பு விழா அளவுக்கும், புயல் அளவுக்கும் இந்தச் செய்தி பேசப்படவில்லை.

உள்ளாட்சி வேலை என்றாலே இதுதான் சிக்கல். திறப்பதற்கு விழா உண்டு. பராமரிப்பதற்கு விழா கிடையாது. மக்களுக்குப் பயன்படுவது என்னவோ இரண்டாவதுதான்!

நூறு வருடம் முன்பு நின்றுபோன சாப்பாடு

தொடங்கிய நல்ல திட்டம் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதற்கு இதே மாநகராட்சியில் ஒரு பழைய கதை உண்டு.

1920. அப்போது மாநகராட்சியின் தலைவராக இருந்தவர் நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர். ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்க மாமன்றம் ஒப்புதல் தந்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது நிபந்தனை. பிறகு மேலும் சில பள்ளிகளுக்குத் திட்டம் போனது. 1922-23ல் 811 ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை, 1924-25ல் 1,671 ஆனது. சோறு போட்டால் பிள்ளைகள் பள்ளிக்கு வருவார்கள் என்பது அன்றே கண்ணெதிரே நிரூபணமானது.

ஆனால், தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவு செய்யக் கூடாது என்றது ஆங்கிலேய அரசு. 1925-ல் திட்டம் நின்றது. சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளின் தட்டு காலியானது.

காமராசர் காலத்து மதிய உணவு, எம்.ஜி.ஆர் காலத்துச் சத்துணவு எல்லாம் பின்னால் வந்தவை. இப்போது காலை உணவும் சேர்ந்திருக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதல்வர் மு.க.ஸ்டாலின் தொடங்கியபோது, 1,545 அரசுப் பள்ளிகளில் 1.14 லட்சம் பிள்ளைகளுக்குத் திட்டமிடப்பட்டது. 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவானது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று கிழமைக்கு ஒன்று, கூடவே காய்கறி சாம்பார். விடிந்ததும் வேலைக்கு ஓடும் அம்மா அப்பாவுக்கு, 'புள்ள சாப்பிட்டிருக்கும்' என்ற நிம்மதி சாதாரண விஷயமில்லை.

ஒரு ரூபாய் இட்லியும் 21 கோடி ரூபாயும்

2013 பிப்ரவரியில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிய மலிவு விலை உணவகங்கள்தான் பின்னர் 'அம்மா உணவகம்' ஆயின. இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் சமைக்கிறார்கள். ஆட்டோ ஓட்டுநர், கட்டடத் தொழிலாளி, வேலை தேடி வந்த பட்டதாரி என்று எல்லோரும் ஒரே வரிசையில் நின்று சாப்பிடும் இடம்.

இந்த விலையில் லாபம் வராது. நஷ்டத்தை மாநகராட்சிதான் தாங்க வேண்டும். வருடங்கள் ஓட ஓட பாத்திரங்கள் தேய்ந்தன, இயந்திரங்கள் பழுதாகின, கட்டடங்கள் சீரிழந்தன. ஆட்சி மாறியபோது, மூடிவிடுவார்களோ என்ற பேச்சும் எழுந்தது. மூடவில்லை. 2024 ஜூலையில் தேனாம்பேட்டை உணவகத்தை ஆய்வு செய்த முதல்வர் ஸ்டாலின், புதிய பாத்திரங்கள், கருவிகளுக்கு 7 கோடி, சீரமைப்புக்கு 14 கோடி என 21 கோடி ரூபாய் செலவிட உத்தரவிட்டார்.

யார் தொடங்கினார்கள் என்பது அரசியல்வாதிகளுக்கு முக்கியமாக இருக்கலாம். பசியோடு வந்தவருக்கு, நாளைக்கும் கடை திறந்திருக்குமா என்பதுதான் முக்கியம்.

குப்பை மலை கரைகிறது... ஆனால்?

பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு 2022-ல் சர்வதேச அங்கீகாரமான 'ராம்சர்' தகுதி கிடைத்தது. அதை ஒட்டியே 225 ஏக்கரில் பெருங்குடி குப்பைக் கிடங்கு! பல பத்தாண்டுக் குப்பையை 'பயோமைனிங்' முறையில் அகற்றுகிறது மாநகராட்சி. பழைய குப்பையைத் தோண்டி, காயவைத்து, சலித்து, மண் தனி, கல் தனி, பிளாஸ்டிக் தனி என்று பிரிக்கிறார்கள். மண், பள்ளமான இடங்களை நிரப்பப் போகிறது. எரியக்கூடிய பிளாஸ்டிக், சிமென்ட் ஆலைகளுக்கு எரிபொருளாகப் போகிறது. வடசென்னையில் கொடுங்கையூர் கிடங்கிலும் இதே பணி நடக்கிறது.

ஆனால், நகரத்தில் ஒரு நாளைக்கு 5,000 டன்னுக்கும் மேல் புதுக்குப்பை சேர்கிறது. நம் வீட்டு வாசலில் மக்கும் குப்பையும் மக்காத குப்பையும் ஒரே கவரில் போனால், ஒரு பக்கம் கரையும் மலை இன்னொரு பக்கம் வளரும். கோடிகளில் நடக்கும் வேலையின் வெற்றி, சமையலறையில் இருக்கும் இரண்டாவது குப்பைத் தொட்டியில் இருக்கிறது.

நீங்கள் என்ன செய்யலாம்?

* தெருவிளக்கு, குப்பை, சாலைப் பள்ளம், கொசு, தெருநாய்ப் பிரச்னைகளுக்கு மாநகராட்சியின் 1913 எண்ணை அழைக்கலாம். மாநகராட்சியின் தலைமையகமான ரிப்பன் மாளிகை திறக்கப்பட்ட ஆண்டும் 1913தான். மறக்கவே மறக்காது!

* புகாரோடு விட்டுவிடாதீர்கள். புகார் எண்ணைக் குறித்துவைத்து, சில நாள் கழித்து மறுபடி கேளுங்கள்.

* 'நம்ம சென்னை' செயலியில் போட்டோவோடு புகாரைப் பதிவு செய்யலாம்.

* குடிநீர், கழிவுநீர்ப் பிரச்னை என்றால் அது குடிநீர் வாரியத்தின் வேலை. அதற்கு எண் 1916.

* கிராம சபைபோல நகரத்துக்கும் இப்போது பகுதி சபைகள் உண்டு. உங்கள் வார்டில் அடுத்த கூட்டம் எப்போது என்று கவுன்சிலர் அலுவலகத்தில் கேளுங்கள். 'புதுசா என்ன வரும்?' என்பதோடு, 'போன வருஷம் போட்டது என்ன நிலையில இருக்கு?' என்றும் கேளுங்கள்.

1688-ல் தொடங்கிய, நாட்டின் மிகப் பழைய மாநகராட்சி இது. ரிப்பன் வெட்டும் நாளில் கூட்டம் தானாகவே சேரும். உடைந்த பலகை ஒன்றை மாற்றவேண்டிய நாளில்தான் கேள்வி கேட்க ஆள் வேண்டும். அந்தக் கேள்வியை ஒருவர் கேட்டால்தான், அடுத்த புயலுக்குப் பிறகும் ஒரு சக்கர நாற்காலி அலை வரைக்கும் போகும்.