சந்தாவைத் தொடங்க ஒரு நிமிடம், நிறுத்த?

நம் சங்க இதழின் சந்தா விஷயம் உறுப்பினர்கள் அனைவரும் அறிந்ததே. ஆண்டு முடிந்ததும் பொருளாளர் நினைவூட்டுக் கடிதம் எழுதுவார். பொங்கல் விழாவில் நேரில் பார்த்துக் கேட்பார். அப்புறமும் சிலர், "அடுத்த கூட்டத்தில் தந்துவிடுகிறேன் சார்" என்பார்கள். சந்தா வராவிட்டால் இதழ் நின்றுவிடும், அவ்வளவுதான். கொடுப்பதும் விடுவதும் உறுப்பினர் கையில் இருக்கிறது.

நம்மில் மூத்தவர்களுக்கு ரேடியோ லைசென்ஸ் நினைவிருக்கும். ஆண்டுக்கொரு முறை தபாலாபீசுக்குப் போய் 15 ரூபாய் கட்டி, அந்தச் சிறு புத்தகத்தில் முத்திரை வாங்கி வருவோம். எண்பதுகளின் நடுவில் அந்த முறையே ஒழிந்தது. அது தொல்லைதான் என்றாலும், நாமே எழுந்து போய்க் கட்டினால்தான் பணம் போகும்.

இன்று செல்போன் வழியாகவும் கார் வழியாகவும் வீட்டுக்குள் நுழைந்திருக்கும் சந்தாக்கள் இதற்கு நேர் எதிர். நாம் எதுவும் செய்யாவிட்டால் அவை தாமாகவே புதுப்பித்துக்கொள்கின்றன. நிறுத்துவதற்குத்தான் நாம் அலைய வேண்டியிருக்கிறது. மௌனம் சம்மதம் என்று கல்யாணப் பேச்சில் சொல்வார்கள். இவர்கள் நம் மௌனத்தை மாதாமாதம் காசாக்குகிறார்கள்.

எங்கள் குடியிருப்பில் நடந்ததைச் சொல்கிறேன். எதிர் வீட்டு அம்மாள் கணவரை இழந்து ஒன்றரை ஆண்டுக்கு மேலாகிறது. அவர் இருந்தபோது வாங்கிய காரையும் விற்றாயிற்று. ஒருநாள் பாஸ்புக்குடன் வந்து, "சார், நீங்க பேங்க்ல இருந்தவர்தானே, மாசாமாசம் 149 ரூபாய் எதுக்குப் போகுதுன்னு பாருங்களேன்" என்றார். பார்த்தால், காரில் பாட்டும் ரேடியோவும் கேட்கும் சேவைக்கான சந்தா அது. கார் எடுத்த அன்று கடைப் பையன் "மூன்று மாதம் இலவசம்" என்று சொல்லிச் சேர்த்துவிட்டிருக்கிறான். அப்போது கொடுத்த அட்டை இந்த அம்மாளுடையது. வங்கியில் பதிவாகியிருந்த செல்போன் எண்ணோ கணவருடையது. அவர் காலமானபின் செலவு எதற்கு என்று அந்த எண்ணை ஒப்படைத்துவிட்டார்கள். 17 மாதங்களில் 2,533 ரூபாய் போயிருந்தது. குடும்ப ஓய்வூதியத்தில் வாழ்பவருக்கு அது ஒரு மாத மருந்துச் செலவு.

நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்தோம். சேவை கணவர் பெயரில் இருந்ததால், "கஸ்டமரிடம் போனைக் கொடுங்கள்" என்றாள் எதிர்முனையில் பேசிய பெண். விஷயத்தைச் சொன்னதும் வருத்தம் தெரிவித்துவிட்டு, அவருடைய எண்ணுக்கு வரும் ஓ.டி.பி.யைச் சொன்னால் ரத்து செய்வதாகச் சொன்னாள். இரண்டாம் முறை அழைத்தபோது பாதிக் கட்டணத்தில் தொடரலாமே என்றார்கள். மூன்றாம் முறை, செயலிக்குள் போய் நீங்களே ரத்து செய்யுங்கள் என்றார்கள். அந்தச் செயலி இருந்த போனே இப்போது வீட்டில் இல்லை.

இங்கேதான் பலரும் தவறு செய்கிறோம். சந்தாவை நிறுத்த நிறுவனத்தின் தயவு வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறோம். பணம் நிறுவனத்திடம் இல்லை, நம் வங்கியில் இருக்கிறது. அதை எடுத்துக்கொள்ள நாம் கொடுத்திருப்பது ஒரு முன் அனுமதி. அதற்கு இ-மேண்டேட் என்று பெயர். கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறும் உரிமையும் நமக்கு உண்டு.

இதற்கான விதிகளை ரிசர்வ் வங்கி 2019 ஆகஸ்டில் வெளியிட்டது. 2021 அக்டோபர் 1 முதல் அவை கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தன. அதன்படி, முதலில் அனுமதி கொடுக்கும்போது ஓ.டி.பி. போன்ற கூடுதல் சரிபார்ப்பு அவசியம். பின்னர் ஒவ்வொரு முறை பணம் எடுப்பதற்கும் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக, யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதியில் என்று வங்கி நமக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த ஒரு தவணையை மட்டும் மறுக்கலாம், அனுமதியை முழுவதுமாக ரத்தும் செய்யலாம். ரத்து செய்வதற்கான வசதியை வங்கி இணையத்தில் தர வேண்டும். இதற்கெல்லாம் கட்டணம் வாங்கக் கூடாது. ஓ.டி.பி. கேட்காமல் எடுக்கக்கூடிய தொகை முதலில் 2,000 ரூபாயாக இருந்தது. 2021இல் 5,000 ஆகி, 2022 ஜூனில் 15,000 ஆனது. காப்பீட்டுத் தவணை, மியூச்சுவல் ஃபண்டு, கிரெடிட் கார்டு பில் ஆகிய மூன்றுக்கு மட்டும் 2023 டிசம்பரில் ஒரு லட்சமாக உயர்த்தினார்கள். காருக்கான ஃபாஸ்டாகில் தானாகப் பணம் நிரப்பிக்கொள்ளும் வசதிக்கு 24 மணி நேர முன்னறிவிப்பு தேவையில்லை என்று 2024 ஆகஸ்டில் விலக்கு அளித்திருக்கிறார்கள்.

விதி நல்ல விதிதான். ஆனால் அந்த முன்னறிவிப்பு எந்த எண்ணுக்குப் போகிறது? ஊர்விட்டு ஊர் வந்த நம் போன்ற குடும்பங்களுக்கு இது முக்கியம். சென்னையில் வேலை பார்த்தபோது திறந்த கணக்கு, அதில் அப்போதிருந்த எண். பிறகு நாக்பூர், அதன் பிறகு தில்லி. 2015 ஜூலைக்கு முன்பெல்லாம் வேறு மாநிலத்துக்குப் போனால் பழைய எண்ணை அப்படியே எடுத்துச் செல்ல வழியில்லை, அதனால் பலரும் எண்ணை மாற்றினோம். வங்கியில் மாற்றினோமா? கைவிட்ட எண்ணைத் தொலைபேசி நிறுவனம் 90 நாட்களுக்குப் பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். அப்போது நம் வங்கியின் செய்தி முன்பின் தெரியாத ஒருவர் கையில் போய் விழும்.

ஆகவே நாங்கள் முதலில் செய்தது, அந்த அம்மாளின் கிளைக்குச் சென்று புதிய எண்ணைப் பதிவு செய்ததுதான். அதற்கு மூன்று நாளாயிற்று. அதன்பின் வங்கியின் இணையப் பக்கத்தில் அட்டையின்மேல் உள்ள அனுமதிகளின் பட்டியலைத் திறந்து, அந்த ஒன்றை ரத்து செய்ய இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

உங்கள் வீட்டில் பார்க்கவேண்டிய இடங்கள் நான்கு.

1. செல்போனின் செயலிக் கடை. ஆண்ட்ராய்டு போனில் பிளே ஸ்டோரிலும், ஐபோனில் செட்டிங்ஸ் பகுதியில் உங்கள் பெயருக்குக் கீழும் சந்தாக்களின் பட்டியல் இருக்கும். செயலியைப் போனிலிருந்து நீக்கினால் சந்தாவும் போய்விடும் என்று எண்ணாதீர்கள். அது போகாது. போனையே தூக்கிப் போட்டாலும் போகாது.

2. டெபிட், கிரெடிட் அட்டைகள். வங்கியின் இணையப் பக்கத்திலோ செயலியிலோ அட்டைகள் பகுதியில் இ-மேண்டேட் பட்டியல் இருக்கும். கிடைக்கவில்லை என்றால் கிளையில் எழுத்து மூலம் கேளுங்கள்.

3. யூ.பி.ஐ. ஆட்டோபே. 2020 ஜூலையில் தொடங்கிய வசதி இது. நீங்கள் பணம் அனுப்பப் பயன்படுத்தும் செயலியிலேயே ஆட்டோபே பகுதியில் எல்லா அனுமதிகளையும் பார்த்து ரத்து செய்யலாம்.

4. வங்கிக் கணக்கின்மேல் நேரடியாகக் கையெழுத்திட்டோ ஆதார் மூலமோ கொடுத்த நாச் அனுமதி. கடன் தவணைகளும் காப்பீட்டுத் தவணைகளும் பெரும்பாலும் இதில் இருக்கும்.

நான்காவதில் கை வைக்கும்போது நிதானம் வேண்டும். பணம் போவதை நிறுத்துவது வேறு, ஒப்பந்தத்தை முடிப்பது வேறு. கடன் தவணையை நிறுத்தினால் அபராதம் வரும். காப்பீடு காலாவதியாகிவிடும். எனவே எது எதற்கு என்று உறுதி செய்துகொண்டபின் ரத்து செய்யுங்கள். சந்தா எதுவாயினும், நிறுவனத்துக்கும் ஒரு மின்னஞ்சல் எழுதி, ரத்து செய்த தேதியைக் குறிப்பிட்டு நகல் வைத்துக்கொள்வது நல்லது.

இது நம் நாட்டுத் தொல்லை மட்டுமல்ல. அமெரிக்காவில் செயற்கைக்கோள் வழியாகக் காருக்கு வரும் ரேடியோவுக்குச் சந்தா உண்டு. பிள்ளைகள் அங்கே இருக்கும் குடும்பங்களுக்கு இது தெரிந்திருக்கும். அதை நடத்தும் சிரியஸ் எக்ஸ்.எம். நிறுவனம் சந்தாவை ரத்து செய்ய வாடிக்கையாளரை அலைக்கழிக்கிறது என்று நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் 2023 டிசம்பரில் வழக்குத் தொடர்ந்தார். ரத்து செய்யும் முறை சட்டத்துக்குப் புறம்பானது என்று 2024 நவம்பரில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சேருவது எவ்வளவு சுலபமோ அவ்வளவு சுலபமாக விலகவும் முடிய வேண்டும் என்று அந்நாட்டின் மத்திய வர்த்தக ஆணையம் 2024 அக்டோபரில் ஒரு விதியே கொண்டுவந்தது. ஆனால் 2025 ஜூலையில், நடைமுறைக் குறை காரணமாக, மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது.

நம் நாட்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு விதிகளில், இணைய வணிகத்தில் செய்யக் கூடாத 13 தந்திரங்களைப் பட்டியலிட்டிருக்கிறது. அவற்றில் ஒன்று சந்தாப் பொறி. ரத்து செய்யும் பொத்தானை ஒளித்து வைப்பது, ரத்து செய்வதை நீண்ட சிக்கலான வேலையாக்குவது, இலவசம் என்று சொல்லி அட்டை விவரத்தைக் கட்டாயமாக வாங்குவது ஆகியவை எல்லாம் இதில் அடங்கும். எங்கள் எதிர் வீட்டில் நடந்தது இவற்றில் எது என்று கேட்டால், மூன்றும்தான் என்பேன்.

முறையிடுவதற்கு வழி இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே 17 மொழிகளில் பேசலாம், தமிழும் அவற்றில் ஒன்று. இந்தி சரளமாக வராத பெற்றோர் தயங்க வேண்டியதில்லை. ரத்து செய்த பின்னும் பணம் போனாலோ, வங்கி முன்னறிவிப்புத் தராவிட்டாலோ, முதலில் வங்கிக்கு எழுதுங்கள். 30 நாட்களில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்கான தகவல் எண் 14448. அதற்கும் மேலே போக வேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வெளியூரில் வாழும் நமக்கு இது பெரிய சலுகை.

எதிர் வீட்டு அம்மாளுக்காக 1915இல் புகார் பதிவு செய்தோம். கடைசி மூன்று மாதப் பணம், 447 ரூபாய், திரும்பி வந்தது. மற்றது போனது போனதுதான். "பணத்தை விடுங்க சார், இனிமே போகாதில்லையா?" என்று மட்டும் கேட்டார். போகாது என்று பட்டியலைத் திறந்து காட்டினேன். அதிலே இன்னும் இரண்டு பெயர்கள் இருந்தன. அவை எதற்கென்று அவருக்கும் தெரியவில்லை, பெங்களூரில் இருக்கும் மகனுக்கும் தெரியவில்லை.

அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். போகிக்குப் பழையன கழிப்போம் அல்லவா? அன்றைக்கு இந்த நான்கு இடங்களையும் ஒரு முறை திறந்து பாருங்கள். எந்தச் சந்தா எந்த அட்டையில், எந்த எண்ணில் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். அதைக் கணவன் மனைவி இருவருமே தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஊரில் தனியாக இருக்கும் பெற்றோரின் கணக்கையும் அடுத்த முறை விடுமுறைக்குப் போகும்போது பார்த்துவிட்டு வாருங்கள். வங்கியில் பதிவாகியிருக்கும் எண் இன்றும் அவர்கள் கையில்தான் இருக்கிறதா என்பதை முதலில் கேளுங்கள்.