தறிக்குழியும் நெசவாளர் உயரமும்

அனகாபுத்தூர் நெசவாளர்கள், முன்னாளில் மேற்கு ஆப்பிரிக்காவிற்குச் சென்ற மதராஸ் கைக்குட்டைத் துணியையும், பிற்காலத்தில் வாழைநார்ச் சேலையையும் நெய்து பெயர் பெற்றவர்கள். நாள் முழுதும் அமர்ந்து செய்யும் இத்தொழிலில் குழித்தறியின் உயரம் அற்ப விஷயமன்று.

தகப்பனார் அளவுக்கு அமைத்த தறியில் குட்டையான மகள் அமர்ந்தால், படமரம் மார்பருகே வரும், தோள் தூக்கும், முதுகு நோகும். ஆதலால் அங்கத்தினர்கள் முதலில் முழங்கையைக் கவனிக்கவேண்டும். தோளைத் தளர்த்தி அமர்கையில், முழங்கை படமரத்திற்குச் சற்று மேலே நிற்குமாறு இருக்கையில் பலகை இடுக. மரம் கடைபவரும் தம் பட்டறையை ஏறக்குறைய முழங்கை அளவிலேயே வைத்துக்கொள்கிறார்.

அநேகர் இத்துடன் நிறுத்திவிடுகின்றனர், தவறு இங்கேதான். இருக்கை உயர்ந்தால் பாதம் மிதிக்கு எட்டாது; விளிம்பு தொடையை அழுத்திக் கால் மரத்துப்போம். மிதிபலகையைப் பிணைத்துள்ள முனையின் கீழ்ச் செங்கல் வைத்து உயர்த்தி, மிதிக்கயிற்றையும் அதே அளவு சுருக்குக. முழுதும் மிதித்தபோதும் முழங்கால் சற்று மடிந்திருத்தல் வேண்டும்; பாவும் நாடா தடையின்றி ஓடுமளவு திறக்கவேண்டும்.

ஒரே தறியில் இருவர் மாறி நெய்வதாயின், நெட்டையருக்குக் குழியை வெட்டிக்கொண்டு, குட்டையருக்குப் பலகையும் செங்கலும் வைப்பதே சுலபம்.