பயணத்தில் கலையும் குழந்தையின் தூக்கம்: தாயைக் குறை சொல்ல வேண்டாம்

பள்ளிப்பட்டில் வாழும் நம் குடும்பங்களுக்கு ஆந்திர எல்லைக்கு இந்தப் பக்கமும் சொந்தம் உண்டு, அந்தப் பக்கமும் உண்டு. நகரியில் வலீமா, சித்தூரில் நலம் விசாரிப்பு, திருத்தணியில் மருத்துவர் என்று கைக்குழந்தையுடன் அடிக்கடி பேருந்து ஏறுகிறோம். பேருந்து கிளம்பியதும் குழந்தை தூங்கிவிடும். அரை மணி நேரத்தில் ஹாரன் சத்தத்தில் விழித்துக்கொள்ளும். மண்டபத்தில் போய் அழ ஆரம்பித்தால், "பிள்ளையைச் சரியாகத் தூங்க வைக்கத் தெரியவில்லையா?" என்ற கேள்வி தாயிடம்தான் வரும்.

இது தாயின் குறை அல்ல. பெரியவர்களின் ஒரு தூக்கச் சுற்று சுமார் 90 நிமிடம். கைக்குழந்தைக்கு அது ஏறத்தாழ 45 முதல் 60 நிமிடம்தான். அதிலும் பெரும்பகுதி மேலோட்டமான தூக்கம். வீட்டுத் தூளியில் ஆட்டி மறுபடி தூங்க வைக்கலாம். வெளியில் வெளிச்சமும் சத்தமும் அதற்கு இடம் கொடுப்பதில்லை.

ஒரு நாள் தூக்கம் குறைவதால் கவலைப்பட வேண்டியதில்லை. 4 முதல் 11 மாதக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 12 முதல் 16 மணி நேரம் தூக்கம் தேவை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. பகலில் குறைந்தால், அன்று இரவு வழக்கத்தைவிடச் சீக்கிரம் படுக்க வையுங்கள்.

முடிந்தால், குழந்தை வீட்டில் ஒரு தூக்கம் தூங்கி எழுந்த பிறகு கிளம்புங்கள். கண்ணைக் கசக்குவது, கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது போன்ற அறிகுறிகள் தெரிந்ததும் பால் கொடுத்து, கூட்டத்தை விட்டு அமைதியான அறைக்குக் கொண்டு செல்லுங்கள். அழுது களைத்த பிறகு தூங்க வைப்பது கடினம்.

சில பழக்கங்கள் ஆபத்தானவை. வெயிலுக்கும் தூசிக்கும் பயந்து துப்பட்டாவாலோ புர்காவாலோ குழந்தையின் முகத்தை மூடாதீர்கள். மூச்சுத் திணறும், உடல் சூடேறும். மடியில் தூங்கும்போது தாடை நெஞ்சில் அழுந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தூங்க வைப்பதற்காகச் சளி மருந்து கொடுக்கவே கூடாது. பைக்கில் இருவருக்கு நடுவே தூங்கும் குழந்தையின் தலை எந்தப் பக்கமும் சாயலாம். 4 வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஏற்றினால் பாதுகாப்புப் பட்டை அணிவித்து, மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மிகாமல் ஓட்ட வேண்டும் என்று 2022-இல் மத்திய அரசு விதி அறிவித்தது. கைக்குழந்தைக்குப் பேருந்தோ காரோதான் நல்லது.

நபி (ஸல்) அவர்கள் தொழுகையை நீட்ட எண்ணி நின்றபோதும், குழந்தையின் அழுகுரல் கேட்டால் தாய்க்குச் சிரமம் கொடுக்கக் கூடாதென்று தொழுகையைச் சுருக்கிக்கொண்டார்கள். பேத்தி உமாமா (ரலி) அவர்களைச் சுமந்தபடியே தொழுததும் ஹதீஸ்களில் பதிவாகியுள்ளது. ஒரு தாய்க்காக ஜமாஅத் தொழுகையே சுருங்கியது என்றால், நம் விருந்துகள் சற்று விட்டுக்கொடுப்பதில் என்ன குறை?

மண்டபம் பிடிப்பவர்கள் தாய்மார்களுக்கென ஓர் அறையைக் காற்றோட்டத்துடன் ஒதுக்கலாம். தாய் நிம்மதியாகச் சாப்பிடும்வரை தந்தை குழந்தையைத் தோளில் போட்டு வெளியே நடக்கலாம். உறவினர்கள் கேள்வி கேட்பதற்கு முன், "கொடும்மா, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று கை நீட்டலாம். இன்ஷா அல்லாஹ், அடுத்த வலீமாவிலிருந்தே தொடங்குவோம்.